அண்ணன் நின்ற இடம்

சுண்ணாம்புக் கோடு கண்ணில் பட்டதும் சிப்போராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லறைத் தோட்டத்தின் கம்பிவேலிக்கு வெளியே, வேலாமரத்துக்கு இந்தப்பக்கமாக, ஒரே நேராக வெள்ளை இழுத்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துச் சுரேந்தர் போடும் வீட்டுமனை லேஅவுட்டுக்கு ரோடு அதன் வழியாகத்தான் வரப்போகிறது. அந்த மண்ணுக்குள்தான் அவள் மகள் கிடக்கிறாள்.

பிறந்து ஒரு வாரம்கூட முழுசாக இருக்காத பிள்ளை. அவ்வளவு சின்னதுக்குக் கல் நடுகிற வழக்கம் சிப்போராவின் யூதக் குடும்பத்தில் இல்லை. எல்லையோரமாகப் புதைத்து, மண்ணைச் சமப்படுத்திவிட்டு வந்துவிடுவார்கள். அம்மாக்காரிக்கு மட்டும் இடம் தெரியும்.

தாத்தா கொச்சியிலிருந்து பஞ்சு வியாபாரத்துக்கு வந்தவர். துடியலூருக்கு மேற்கே இந்தத் துண்டு நிலத்தை அவர்தான் வாங்கினார். சொந்தபந்தமெல்லாம் இஸ்ரேலுக்குக் கப்பலேறிய பிறகு இங்கே மிஞ்சியது சிப்போராவும் அண்ணன் பெசலேலும்தான். அவள் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறாள். கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவள் அங்கேயே இருந்த சமயத்தில், வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் ஆள் அனுப்பி வேலி போட்டார்கள். எங்கெல்லாம் கல் நின்றதோ அதைச் சுற்றி மட்டும் போட்டார்கள். கல்லில்லாத பிள்ளைகள் ஒருத்தர் நினைவுக்கும் வரவில்லை. நல்லது செய்கிறோம் என்று வந்து, இருந்ததையும் வெளியே தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்.

சுரேந்தர் அதைப் பிடித்துக்கொண்டான். வேலிக்கு வெளியே இருப்பது தன் கிரயத்தில் வருகிறது என்றான். ரோடு கோடியிலுள்ள கன்னிமார் கோயிலைத் தொட்டுப் போவதால் அதற்குக் ‘கோயில் பாதை’ என்று பெயரும் வைத்துவிட்டான். இனி ரோட்டை எதிர்த்தால் சாமியை எதிர்த்த மாதிரி. காரியக்காரன்.

வக்கீல் சாயிரா பானு சிப்போராவின் பள்ளிக்கூடத் தோழி. மனு போட்டு, தாசில்தாரை இடத்துக்கே வரவழைத்துவிட்டாள்.

“டிவியில இஸ்ரேல் சண்டை ஓடறப்ப நம்ம ரெண்டு பேரும் சேந்து வந்து நிக்கறோம். என்ன பேசப்போறாங்களோ,” என்றாள் காரிலிருந்து இறங்கும்போது.

“பேசட்டும். நானும் வாயி வெச்சிருக்கறேன்,” என்றாள் சிப்போரா.

பேசத்தான் செய்தார்கள். தாசில்தார் லோகப்பிரியா வந்து நின்றதுமே, சுரேந்தரோடு நின்ற ஊர்க்கூட்டத்திலிருந்து ஒருத்தர் ஆரம்பித்தார். “ஏனுங், உங்க நாட்டுலதான் இடத்துக்கு அடிச்சுக்கறீங்க. இங்கயும் வந்துட்டீங்களா?”

சிப்போரா அவர் முகத்துக்கு நேரே திரும்பினாள். “எது என்ற நாடுங்க? என்ற ஓட்டு துடியலூருல இருக்குது. அங்க அடிச்சுக்கறவங்க என்னையக் கேட்டுட்டு அடிச்சுக்கலைங்க. போன நோம்பிக்குக் கோயில் மோட்டாரு எரிஞ்சப்ப, ராவோட ராவா கட்டிக் குடுத்தது யாருங்க? கோயிலுக்குப் பாதை வேணும்னா மேபக்கமாப் போடுங்க, நானே வந்து மண்ணுக் கொட்டறேன். என்ற புள்ள நெஞ்சு மேல போடாதீங்க!”

கேட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோயில் பூசாரி பாலுசாமி தரையைப் பார்த்தபடி நின்றார்.

லோகப்பிரியா தாத்தாவின் பத்திர நகலைப் புரட்டினாள். “ஊர்ப் பாதை வரைக்கும்னு போட்டிருக்கு. அந்தப் பாதையே இப்ப இல்லையேம்மா. எல்லை எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? உங்க அண்ணன் வந்திருக்காரா? அவரை வந்து காட்டச் சொல்லுங்க.”

பெசலேல் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வேலாமரத்துக்கு அந்தப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

“உள்ள வாங்க சார்.”

“மன்னிச்சுக்கோணுங்க மேடம். இதுக்கு மேல நானு வர மாட்டேனுங்க.”

சிப்போரா அண்ணனை முறைத்தாள். மகளைப் புதைத்த அன்றும் இதே மரத்துக்கு அந்தப்பக்கம் இப்படித்தான் நின்றார். அவள் கணவர் தன்னந்தனியாகத் துணிப்பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போக, கூடப் பிறந்தவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். காரணம் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து அண்ணனோடு அளந்துதான் பேச்சு. இன்றைக்கும் கழுத்தை அறுக்கிறானே என்றிருந்தது.

சுரேந்தர் சிரித்தேவிட்டான். “பாத்தீங்களா மேடம்? சொந்தக்காரரே கால் வைக்க மாட்டேங்கறார். இன்னைக்குன்னு இல்லீங்க. எங்க தோட்டம் பக்கத்துலதானே? சின்னப் பையனா இருக்கறப்பலேர்ந்து பாத்துட்டு இருக்கறேன். இவிய அப்பாவும் அப்படித்தானுங்க. எந்தச் சாவுக்கு வந்தாலும் அந்த வேலாமரத்துக்கு அந்தாண்டையே நிப்பாரு. ஒரு அடி இந்தப்பக்கம் வச்சதில்ல. இவங்க இடமா இருந்தா வர மாட்டாங்களா?”

சிப்போரா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

“தம்பி, இன்னொருக்கா சொல்லு. எங்கப்பா எங்க நிப்பாரு?”

“வேலாமரத்துக்கு அந்தாண்ட.”

“இப்ப எங்கண்ணன் நிக்கற எடத்துலயா?”

“அங்கயேதான். அதுக்கென்ன இப்ப?”

“சாயிரா, மேடத்த அத எழுதிக்கச் சொல்லு.” சிப்போராவின் குரல் உயர்ந்தது. “மேடம், நாங்க கொஹேன் வம்சமுங்க. அந்தக் காலத்துல எங்க கோயிலுக்கு ஆசாரியர்களா இருந்தவங்க. எங்க ஆம்பளைங்க பொணம் பொதைச்ச எல்லைக்குள்ள கால் வைக்கக் கூடாதுங்க. பெத்தவங்க, கூடப் பொறந்தவங்க, பொண்டாட்டி புள்ளைங்கன்னா மட்டுந்தான் விலக்கு. தங்கச்சி புள்ளைக்குக்கூட இல்லைங்க. கம்பிவேலிதான் எல்லைன்னா, எங்கப்பா இப்ப வேலி இருக்கற எடம் வரைக்கும் வந்து நின்னுருப்பாரே! அப்ப இந்த வேலியே கெடையாது. மரத்தத் தாண்டி ஏன் அவரு வரலை? அங்கயே எல்லை ஆரம்பிக்குது. அதனாலதான் வரலைங்க.”

லோகப்பிரியா மரத்தைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். “இந்த இடைப்பட்ட இடத்துல என்ன இருக்கு?”

“என்ற புள்ள இருக்கறாளுங்க.”

“மேடம், நானு அந்த அர்த்தத்துல சொல்லலைங்க...” என்று சுரேந்தர் இழுத்தான்.

பாலுசாமி தலை நிமிர்ந்தார். “நீ எந்த அர்த்தத்துல வேணா சொல்லு சாமி. செத்தவங்க மேல நடந்து போயி நானு கன்னிமாருக்குப் பூ வெக்கறதா? அந்தத் தீட்டு எந்தத் தண்ணியிலயும் போவாது. கோயிலுக்கு அந்தப் பாதை வேண்டாமுங்க மேடம். மேபக்க வண்டித்தடம் எங்களுக்குப் போதும்.”

அதற்குப் பிறகு அது கோயில் பாதை இல்லை, சுரேந்தரின் ரோடு மட்டும்தான். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, வேலாமரத்திலிருந்து அளக்கும்படி சர்வேயரிடம் சொன்னாள் லோகப்பிரியா. முடிவை எழுத்தில் தருவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள். சுரேந்தர் அப்பீல் போவான், நிச்சயம் போவான். போகட்டும், வழக்காடிக்கொள்ளலாம்.

சிப்போரா செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, வெறுங்காலால் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்து அழித்தாள். அழித்துக்கொண்டே மரத்தடிவரை வந்துவிட்டாள். அண்ணன் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து நீட்டினார். அவர்கள் வழக்கத்தில் கல்லறைக்குப் போகிறவர்கள் பூ வைப்பதில்லை, கல்தான் வைப்பார்கள்.

“அன்னைக்கும் ஒண்ணு கையிலயே வெச்சிருந்தேன் அம்மணி. வாங்கறதுக்கு நீ இந்தப்பக்கம் வரல.”

அவள் கையை நீட்டினாள். கல்லை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்து, தனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் வைத்தாள். ரோட்டுப் பக்கம் மண் தள்ள வந்த ஜேசிபி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அதன் டிரைவர் எட்டிப் பார்த்து, என்ன செய்வது என்று கையாட்டிக் கேட்டான்.

சிப்போரா எழுந்து நின்றாள்.

“வண்டியத் திருப்பிக்கோ தம்பி,” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். “இங்க ஆளு குடியிருக்குது!”