இழுத்துப் பார்க்கும் கை

சாவியில்லாத கதவு செய்கிற ஆபீஸ் அது. இரும்பும் மோட்டாரும் மற்றவர்கள் பாடு. மனுஷன் கதவை எப்படித் தொடுவான், தொட்டால் கதவு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யோசிப்பது அவள் பாடு. வாஷிங் மெஷினுக்குப் பொத்தான் வரைந்துகொண்டிருந்தவளை இதற்கு மாற்றியிருந்தார்கள். ஆபீசில் அவளுக்குப் பெயரே கைப்பிடி.

கதவின் சங்கதி ரொம்பச் சுலபம். பையில் போன் இருந்து, கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் திறக்கும். வெளியே வந்து சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். புழங்கிப் பார்க்க முப்பது வீட்டில் மாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது.

மேலாளருக்குச் சுவரில் கோடு போட்ட படத்தைக் காட்டாவிட்டால் பேச்சு வராது. ஒரு வீட்டில் நாளைக்குப் பத்துத் தடவை திறப்பார்கள் என்று நினைத்தோம், இருபத்தாறு தடவை திறக்கிறார்கள், கதவு மேல் ஜனங்களுக்கு அவ்வளவு ஆசை என்று பூரித்துப்போனார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். கதவு மேல் எவனாவது ஆசைப்படுவானா?

அந்த முப்பதில் ஒரு வீடு அவள் அக்காவுடையது. அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மறுநாள் காலை அக்கா வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துப் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். வேவு பார்க்க வந்தாயா என்று அக்கா முறைத்தாள்.

அக்கா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பூட்டு விழுந்தது. சரிதானா என்று கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தாள். பையில்தான் போன் இருக்கிறதே, வீட்டுக்காரி வந்துவிட்டாள் என்று கதவு பல்லிளித்துத் திறந்தது. மறுபடி சாத்தினாள், இழுத்தாள், திறந்தது. மூன்றாம் தடவை சாத்திவிட்டு நாலு படி இறங்கினாள். மனசு கேட்கவில்லை. ஏறி வந்து இழுத்தாள். ஆவென்று திறந்தது.

"பூட்டிட்டியான்னு கேட்டா வாங்க வாங்கன்னு கூப்பிடுது. கதவாடி இது? இளிச்சவாய். மூணு வாரமா டூட்டிக்கு லேட்டு."

"அதான் தானா பூட்டிக்குமேக்கா. நீ ஏன் இழுக்குற?"

"பூட்டினா இழுத்துப் பாக்கணும். அன்னிக்கு வாங்கினது எனக்குத்தான தெரியும்."

சின்ன வயசில் ஒரு நாள் பூட்டு சரியாகக் கவ்வாமல் வீடு பகல் முழுக்கத் திறந்து கிடந்தது. ஒரு துரும்பு போகவில்லை. ஆனால் பூட்டினவளை அம்மா ஒரு வாரம் வறுத்து எடுத்தாள். பூட்டினவள் அக்கா.

ஆபீசுக்கு ஓடி வந்து கதவுகள் எழுதி வைத்திருந்த கணக்கை நேரம் நேரமாகப் பிரித்துப் பார்த்தாள். பூட்டு, திற, பூட்டு, திற. எல்லாம் நாலைந்து நொடிக்குள். முப்பதில் இருபத்தெட்டு வீட்டில் இதே கூத்து. இருபத்தாறு தடவை என்பது ஆசையில்லை, சந்தேகம்.

மேலாளரிடம் சொன்னாள். இழுக்காதீர்கள் என்று புத்தகத்தில் ஒரு வரி போட்டால் தீர்ந்தது என்றார் அவர். பிறந்ததிலிருந்து இழுத்த கை, ஒரு வரிக்கா அடங்கும் என்று அவள் மல்லுக்கு நின்றாள். இன்னும் மூன்று நாளில் நானூறு வீடு கட்டுகிற பில்டர் கதவைப் பார்க்க வருகிறார், ஆபீசில் நிற்கிற இரண்டு கதவில் ஒன்றை என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள், சொதப்பினால் மறுபடி பொத்தான் வரையப் போக வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பூட்டின ஒரு நிமிஷத்துக்குள் வெளியிலிருந்து இழுத்தால் திறக்கக் கூடாது. கைப்பிடி மயிரிழை அசைந்து, டக்கென்று இறுகி நிற்க வேண்டும். எதையாவது மறந்துவிட்டுத் திரும்பினவர்களுக்கு மேலே ஒரு பொத்தான். அக்காவை வரவழைத்து இழுக்க விட்டாள். முதலில் வைத்ததை, இது முனகுகிறது, நம்ப மாட்டேன் என்றாள் அக்கா. அடுத்ததை, ஜெயில் கதவு மாதிரி அலறுகிறது என்றாள். ஏழாவதை இரண்டு தரம் இழுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அக்கா வாயில் குறை வராமல் போனது அன்றைக்குத்தான்.

பில்டர் வந்தார். மேலாளர் படத்தைக் காட்டினார். படம் இருக்கட்டும், கதவு எங்கே என்று அவர் எழுந்துவிட்டார். அவர் போனை இரண்டு கதவிலும் பதிந்து கொடுத்தார்கள். பழைய கதவைச் சாத்தினார். எந்தக் கை சும்மா இருந்தது? இழுத்தார், திறந்தது. மறுபடி சாத்தி இழுத்தார், திறந்தது.

"பூட்டவே மாட்டேங்குதே."

போன் பையில் இருப்பதால் அப்படி என்று மேலாளர் விளக்கினார்.

"அப்போ போனைக் கெணத்துல போட்டுட்டு வரவா?"

அவள் பக்கத்துக் கதவைக் காட்டினாள். அவர் சாத்தினார். இழுத்தார். டக். இன்னொரு தரம். டக். நிலையில் ஒரு காலை ஊன்றி, உடம்பு எடை முழுக்கப் போட்டு இழுத்தார். டக்.

கையைத் தட்டிக்கொண்டு நடந்தார். ஆபீஸ் வராந்தா நீளமானது. திரும்பிப் பார்ப்பாரா என்று அவள் கவனித்துக்கொண்டு நின்றாள். பாதி தூரம் போனார். முழுக்கப் போனார். லிப்ட் பக்கம் நின்றுதான் பேசினார், அதுவும் திரும்பாமல்.

"நானூறுக்கும் அந்தக் கதவு."

மெக்கானிக் அவள் முதுகில் ஒன்று வைத்தான். வலித்தது, ஆனால் சிரித்தாள்.

முப்பது வீட்டுக் கதவையும் மாற்றினார்கள். அடுத்த வாரம் இருபத்தாறு ஒன்பதானது. சுவரில் படத்தை மேலாளர் போடவில்லை, அவள் போட்டாள். கோடு மலையிலிருந்து உருண்ட கல் மாதிரி கீழே விழுந்து கிடந்தது. அந்த ஆபீசில் கோடு இறங்கினதற்கு ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினது அன்றைக்குத்தான். முதலில் தட்டினது மேலாளர். வேறு வழி?