இடியப்ப உரலும் கீமோ குளிசையும்

மஹய்யாவச் சந்தியில் தன் இடியப்பக் கடை வாசலில், இரண்டு கையிலும் கிறீம் பூசிக்கொண்டு, கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள் நல்லம்மா. உள்ளே அவளுடைய உரலைப் பிடித்து மாவு பிழிந்துகொண்டிருந்தாள் கொழுந்தன் மனைவி நிலூஷா.

புற்றுநோய்க்கு வாயால் விழுங்கும் கீமோ குளிசை தொடங்கியபோதே கிளினிக் தாதி றஞ்சனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இந்தக் குளிசை உள்ளங்கையையும் பாதத்தையும் புண்ணாக்கக்கூடும். காலையும் இரவும் கிறீம் பூச வேண்டும். சுடுதண்ணீரும் ஆவியும் ஆகாது, இறுக்கமான செருப்பு ஆகாது, கையை அழுத்தி எதையும் பிழியக் கூடாது. கூச்சமோ சிவப்போ தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். "ஒரு ரெண்டு தட்டு மட்டும்?" என்று நல்லம்மா பேரம் பேசிப் பார்த்தாள். றஞ்சனா இறங்கி வரவில்லை.

சரியென்று அடங்கித்தான் இருந்தாள். கலகெதர பஸ் கண்டக்டர் நஸீப் நானா வந்து, "அக்கா, தங்கச்சிட இடியப்பம் பஞ்சு மாதிரி இருக்கு" என்று இன்னொரு தட்டுக் கேட்டதுதான் வினை. இத்தனை வருடம் அவள் கையால் தின்ற வாய். நல்லம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளிலிருந்து நிலூஷா தேங்காய் வாங்கப் போகும்போதெல்லாம் உரல் நல்லம்மா கையில். உள்ளங்கை குறுகுறுத்தது, பிறகு எரிந்தது. வெளியே சொன்னால் உரல் ஒரேயடியாகக் கைமாறிவிடும் என்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அடுத்த கிளினிக்கில் கையை விரித்தபோது தோல் உரிந்து கொப்புளம் போட்டிருந்தது. புண் ஆறும்வரை குளிசையை நிறுத்திவிட்டார் டொக்டர். கட்டியை அடக்கி வைத்திருப்பதே அந்தக் குளிசைதான்.

"கூச்சம் துவங்கின அண்டைக்கே ஏனம்மா சொல்லேல்லை? அளவைக் குறைச்சாவது தந்திருப்பம்" என்றாள் றஞ்சனா.

வீட்டில் நிலூஷா திட்டவில்லை. பச்சைத் தண்ணீரில் துணி நனைத்துக் கையை ஒற்றியெடுத்தாள். "வர்றவங்க எல்லாம் நீங்க எப்ப வருவீங்கன்னுதான் கேக்குறாங்கக்கா. எனக்கே பத்திக்கிட்டு வருது" என்றாள். நல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் உரலைத் தானே எடுத்து நிலூஷாவிடம் கொடுத்தாள். கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்து என்ன ஆச்சென்று பதறிய நஸீப் நானாவிடம் சொன்னாள்:

"தெரிஞ்சவங்க யாராச்சும் இந்தக் குளிசை போட்டா சொல்லிவைங்க நானா. கையையும் காலையும் பாத்துக்கிறதும் வைத்தியந்தான். பொறாமைய எம்புட்டு நாள் வேணும்னாலும் ஒளிச்சு வைக்கலாம். எரிச்சல ஒரு நாள்கூட ஒளிக்கக் கூடாது."

கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா இவ சொதியில இன்னும் உப்புக் கூடத்தான்."