ஒன்பதாவது பாட்டில் ஒரு கிறீச்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் இசைக்குழு தன் புதிய ஆல்பத்தின் உறைக்கு இருநூறு வார்த்தையில் ஒரு குறிப்பு கேட்டது. எழுத உட்கார்ந்தேன். நூற்றுத் தொண்ணூறு வார்த்தை சிரமமில்லாமல் வந்தது: கிளப்பில் கணினி அடிக்கிற தாளத்தை இவர்கள் ஆள் உட்கார்ந்து அடிக்கிறார்கள், அதன்மேல் லத்தீன் அமெரிக்காவின் கும்பியா, சம்பா ஆட்டத் தாளங்களும் மேற்கு ஆப்பிரிக்க கிட்டாரும் ஏறி வருகின்றன, காலைச் சும்மா வைத்திருக்க முடியாது, இத்தியாதி. ஆல்பத்தின் பெயர் ‘கையால் மட்டும்.’

மிச்சம் ஒரே ஒரு வாக்கியம். அதை எழுத முடியாததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்:

“மழை பெய்து ஓய்ந்த அந்த” (வேண்டாம். மழையில் தொடங்குகிற கதையை நானே நம்பமாட்டேன்.)

“கடிகாரம் முதல்முறையாகப் பிந்தியதை யாரும்” (கொஞ்சம் அதிகக் கெட்டிக்காரத்தனம். கடிகாரம் என்பது குழுவின் டிரம்மருக்கு அவன் அக்கா சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர். இருபது வருடமாக அவன் தாளம் பிசகியதில்லை.)

“ஸ்டூலை அவனேதான் தூக்கிப் போட்டான்.”

இது இருக்கட்டும்.

3

ஸ்டூலை அவனேதான் தூக்கிப் போட்டான். ஒலிப்பதிவு அறை முன்பு தையல் கூடமாக இருந்த இடம். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அந்த நிசப்தத்தில், அவன் இடப்பக்கம் சாயும்போதெல்லாம் ஸ்டூல் கிறீச்சிட்டது. எந்த மைக்கை எங்கே நகர்த்தினாலும் அது வந்து விழுந்தது.

“டேய், அந்த ஸ்டூல் பேரையும் உறையில போடணுமாடா?” என்றாள் அக்கா, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. குழு அவளுடையது; பாஸ் கிட்டார் வாசிப்பவளும் அவளே.

எட்டுப் பாட்டு அந்த ஸ்டூலோடு முடிந்தது. ஒன்பதாவதற்கு முந்தின நாள் அவன் அதைப் பின்மாடிப்படிக்குக் கீழே எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவந்தான். அன்றைக்கே வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாவது பாட்டு ஏழு நிமிடம். மூன்று முறை அடித்தான். மூன்று முறையும் ஐந்தாவது நிமிடத்தில் கால் தாளத்தில் சரியாக நின்றது, கை பிந்தியது. ஒரு மயிரிழைதான். ஆனால் கிளப் தாளத்தில் மயிரிழை ஒரு முழம்.

“போதும்டா, மூணாவது நல்லா வந்திருக்கு,” என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

4

மூன்று வாரம் கழித்து, முடித்த பாட்டுகளை அத்தான் அனுப்பினார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். பதிவு செய்ததையெல்லாம் வெட்டி ஒட்டிக் கலந்து பாட்டாக்கித் தருவது அவர் வேலை.

கடிகாரம் சமையலறையில் நின்றபடி ஹெட்போனில் கேட்டான். நான்காவது நிமிடம், பன்னிரண்டாவது விநாடி. கிறீச். சரியாகப் பதினாறு அடி கழித்து மறுபடியும் அதே கிறீச். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பக் கேட்டான். அப்புறம் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ப் புதிய ஸ்டூலில் ஏழு முறை உட்கார்ந்து, சாய்ந்து, எழுந்து பார்த்தான். வாயே திறக்கவில்லை அது.

ஐந்தாவது நிமிடமும் கேட்டான். கை பிந்தவேயில்லை.

5

இங்கே எனக்கு இவன்மேலேயே சந்தேகம் வருகிறது.

தன் கை பிந்தியது தனக்குத் தெரியும். அப்படியென்றால் பாட்டைக் கேட்டதும் முதலில் தேட வேண்டியது அந்தப் பிந்தலைத்தானே? ஒரு ஸ்டூல் வந்து சாட்சி சொல்கிறவரை ஏன் காத்திருந்தான்? பாட்டு நன்றாக வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டானோ?

உறைக் குறிப்புக்காகப் பேசப் போனபோது இதைக் கேட்டேன். அவன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்படிப்பட்ட மௌனங்கள் பிடிக்கும். அதை அப்படியே இங்கே வைக்க ஆசை. வெற்றிடம் விட்டால் அச்சுப்பிழை என்பார்கள்.

“நல்லா இருந்துச்சு சார்,” என்றான் கடைசியில். “நாலு நிமிஷம் வரைக்கும்.”

6

அத்தானின் அறை அவர்கள் வீட்டின் பின்கோடியில். ஜன்னலைக் கம்பளியால் மூடியிருப்பதால் பகலிலும் விளக்கு எரியும்.

“அத்தான், ஒன்பதாவதுல ஸ்டூல் கேக்குது.”

“கேக்கட்டுமே மாப்ளே. ஆள் உக்காந்து வாசிச்சதுன்னு தெரிய வேண்டாமா?”

“அது பழைய ஸ்டூல்.”

அத்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஸ்டூல் குரலை வெச்சு வயசு சொல்ற அளவுக்கு வந்துட்டியா? சரி, என் நாற்காலிக்கு என்ன வயசு, சொல்லு.”

“சிரிப்பு வரல அத்தான். அன்னிக்கு நான் அடிச்ச மூணையும் போட்டுக் காட்டுங்க.”

“அழிச்சாச்சு. டிஸ்க்ல இடம் இல்ல.”

“முதல் எட்டுப் பாட்டுக்கு அடிச்சதெல்லாம்?”

“அது இருக்கு,” என்றார் அத்தான்.*

* இந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தேன். அப்படி ஒரு கிறீச்சைப் பதிவிலிருந்து எடுத்துவிட அரை நிமிடம் போதுமாம். முதல் எட்டுப் பாட்டில் அத்தான் ஒன்று விடாமல் எடுத்திருக்கிறார். ஒன்பதாவதில் மட்டும் விட்டிருக்கிறார். மறந்தாரா, வைத்தாரா? பழைய அடிகளைப் பொறுக்கிப் புதிய பாட்டை ஒட்டியவர், உயிர் இருப்பதுபோலத் தெரியட்டும் என்று வைத்தாரா? அல்லது மாப்பிள்ளை ஒருநாள் கேட்டுக் கண்டுபிடிக்கட்டும் என்றா? மூன்றையும் நம்ப முடிகிறது. அதுதான் தொல்லை.

7

அக்கா வேனின் பின்பக்கம் உட்கார்ந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னதான்டா சொல்ல வர்றே?”

“நான் இல்லாமலே என்னை வாசிக்க வெச்சிருக்கீங்க.”

“உன் அடிதானே அது? வேற எவனையாவது கூட்டிட்டு வந்தேனா?”

“அன்னிக்கு அடிச்சது இல்லக்கா.”

“எந்த நாள் அடிச்சதுன்னு பாத்தா ஜனங்க ஆடப்போறாங்க?” சுருட்டிய வயரை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். “கை சரியாச்சா?”

ஆக, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டான். “ஆச்சு.”

“அப்ப இருபத்து மூணாம் தேதி மேடையில ஏழு நிமிஷமும் நீயே அடி. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, லேப்டாப்ல ஓட விட்டுக்கலாம். நீ சும்மா கையை ஆட்டு. யாருக்கும் தெரியாது.”

பாட்டில் இருப்பது தன் கையில்லை என்று சொல்ல வேண்டுமானால், தன் கையால் அது முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் இடம் போகும். ‘கையால் மட்டும்’ என்கிற பெயரும் போகும். சொல்லாவிட்டால் ஊர் ஊராகத் தன் நகலுக்கு முன்னால் உட்கார்ந்து கையை ஆட்ட வேண்டும்.

அவன் ஒரு வயரை எடுத்துச் சுருட்டத் தொடங்கினான். இடது கையால்.

8

இதை எங்கே சொல்வது என்று ஏழு பகுதியாகத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

ஒன்பதாவது பாட்டை நான் முப்பது முறையாவது கேட்டிருப்பேன். அதில் ஒரு கிறீச்தான் இருக்கிறது. அவன் என்னிடம் சொன்னதும் ஒன்றைத்தான். ஒன்று என்றால் அது எதுவாகவும் இருக்கலாம்: யாருடைய செருப்போ, கதவோ, புதிய ஸ்டூல் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாய் திறந்ததோ. ஒன்றை வைத்து அத்தானைக் குற்றவாளியாக்க முடியாது. அதனால் முதல் கிறீச்சை நகலெடுத்துப் பதினாறு அடி தள்ளி வைத்தது நான்தான்.

அக்காவின் “யாருக்கும் தெரியாது” கூட அங்கே சொன்னதில்லை. அது வேறொரு நாள், உறைப் படத்தில் அவன் சட்டைக் கிழிசல் தெரிகிறதே என்று பேச்சு வந்தபோது சொன்னது. அங்கிருந்து வெட்டி வேனுக்குக் கொண்டுவந்தேன். ஒட்டு தெரியவில்லை, இல்லையா? அவள் குரல்தானே. வேறு எவளையாவது கூட்டிவந்தேனா?

புதிய ஸ்டூலில் ஏழு முறை உட்கார்ந்து பார்த்தது உண்மை. மூன்று பதிவுகளும் அழிக்கப்பட்டது உண்மை. கை வீங்கியிருந்தது உண்மை.

நான் சொன்னால் நம்புவீர்களா என்ன.

9

முடிவுகள்:

அ) மேடையில் ஐந்தாவது நிமிடத்தில் கை நின்றுவிடுகிறது, கூட்டமே கைதட்டித் தாளத்தைத் தூக்கிப் (இதை அடித்துவிட்டேன். கூட்டம் அவ்வளவு நல்லதில்லை.)

ஆ) குழுவை விட்டுப் போகிறான். (எங்கே போவான்? வாரா வாரம் சாப்பிட உட்காருவது அதே அக்கா வீட்டு மேஜையில்.)

இ) நேற்றுவரை நடந்தது மட்டும்.

நேற்று ஒத்திகை. பின்மாடிப்படிக்குக் கீழிருந்து பழைய ஸ்டூலை அவன் எடுத்து வந்திருந்தான். திருகாணியில் துரு. எண்ணெய் போடவில்லை. மணிக்கட்டில் கட்டு. அத்தான் ஓரத்து மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். அக்கா முதுகைக் காட்டி நின்றாள்.

ஒன்பதாவது பாட்டு. நான்காவது நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில் அவன் இடப்பக்கம் சாய்ந்தான். ஆல்பத்தில் எங்கே கேட்டதோ அதே இடத்தில் கிறீச். ஐந்தாவது நிமிடம் வந்தது. நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை பிந்தவில்லை. அல்லது சத்தம் பிந்தவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து அதற்குமேல் சொல்ல முடியாது.

பாட்டு முடிந்ததும் அக்காவும் அத்தானும் வெளியே போனார்கள். அவன் குச்சிகளைத் தொடைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“கேட்டுச்சா சார்?”

“எது?”

“உறையில என்ன போடப்போறீங்க?” என்றான்.

பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினேன். மிச்சமிருந்த கடைசி வாக்கியம் அதில் இப்படி நிற்கிறது:

“இந்த ஆல்பத்தின் ஒவ்வோர் அடியும் [               ] அடித்தது.”

அவன் பேர் ஒருமுறை எழுதி அடித்த தடம் அந்த இடத்தில் தெரியும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இல்லாத இடத்தில் ஒரு கிறீச்சை வைத்த கை என்னுடையது. அதை நம்பி அங்கே ஒரு பேரை எழுதக் கூடாது. நீங்கள் இருவரையும் கேட்டிருக்கிறீர்கள், அவனையும் என்னையும். பேனா உங்களிடம்.

சீக்கிரம் எழுதுங்கள். அவன் இன்னும் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சத்தம் கேட்கும்.