வேன் போகாத தெரு

திருவாண்டார்கோயில் தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அரங்கநாதனுக்குக் கல்பனா ஒரு வலைப்பக்கம் செய்து தந்தாள். வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்கள் அதில் தெருவாரியாக வரும். பெயருக்கு முன்னால் டிக் இருந்தால் நேர்காணலுக்கு வரச்சொல்லிச் செய்தி போகும். தெருப் பெயருக்கும் ஒரு கட்டம் வேண்டும், அதைத் தட்டினால் தெரு மொத்தமும் மாறவேண்டும் என்று அவர் கேட்டார். வேன் அனுப்பத்தான் கேட்கிறார் என்று நம்பி, ஜாவாஸ்கிரிப்டில் மெனக்கெட்டு எழுதியிருந்தாள், புத்திகெட்டவள்.

பக்கம் திறந்ததும் எல்லாப் பெயரிலும் டிக் இருந்தது. அரங்கநாதன் நேராகக் 'காலனி' என்ற கட்டத்தைத் தட்டினார். அதன் கீழிருந்த அத்தனை டிக்கும் மறைந்தன. பாலிடெக்னிக்கில் கல்பனாவைவிட நல்ல மார்க் வாங்கிய தோழி இளவரசியின் டிக்கும் போயிற்று. அவளை விண்ணப்பிக்கச் சொன்னதே கல்பனாதான்.

"இன்னா சார், வேனுக்குன்னுதானே கேட்டீங்க?"

"வேனுக்குத்தாம்மா. அந்தத் தெருவுக்கு வேன் போவாது." பல்லிளித்தார். "கேன்டீன்ல எல்லாம் ஒண்ணா குந்தி சாப்புடணும். நமக்கு எதுக்கு வம்பு?"

கல்பனாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இதற்கா இத்தனை அழகாக எழுதினோம் என்று தன் விரல்கள் மேலேயே அருவருப்பு. மடிக்கணினியை இழுத்து, தெருக் கட்டத்துக்கான வரிகளை அழித்துவிட்டுப் பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். எல்லா டிக்கும் பழையபடி வந்தன.

"இனிமே மொத்தமா எடுக்க முடியாது சார். ஒவ்வொரு பேரா படிச்சுப் பாத்து எடுங்க."

கொஞ்சமாவது கூசும் என்று நினைத்தாள். மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தார். "செல்லக்கண்ணு... நம்ம கரும்பு வெட்டறவன் மவன். தங்கமான புள்ள." தட்டினார். "இளவரசி... நல்லா படிச்சிருக்கு." தட்டினார். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி காலனியின் கடைசிப் பெயர்வரை போனார்.

சீ, இதுவும் ஒரு பிழைப்பா! கல்பனா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, பக்கத்தை மறுபடி திறந்தாள். எல்லா டிக்கும் திரும்ப வந்ததும் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினாள்.

"ஏய், இன்னா பண்ண நீ?"

"எல்லாருக்கும் போயிடுச்சு சார். வோணும்னா போன் பண்ணி, ஏன் வரக்கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க."

முகம் கறுத்து அவர் எழுந்த நேரம் அவருடைய போன் அடித்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், இளவரசி பேசறேன். மெசேஜ் வந்துச்சு. நெசமாவே வரலாமா சார்?"

அரங்கநாதன் கல்பனாவை முறைத்தார். பிறகு தேன் ஒழுகும் குரலில், "இன்னாம்மா கேள்வி? நீ நம்ம வூட்டுப் பொண்ணு. வாம்மா" என்றார்.

கல்பனாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.