மாமனார் எச்சிலே அளவுகோல்

அந்தப் பற்பசைத் தொழிற்சாலையில் எதை அளக்க வேண்டுமென்றாலும் முதலாளியை வைத்துத்தான் அளந்தார்கள். பசை எவ்வளவு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால், அவருடைய சட்டைக் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பிரஷ்ஷின் நார் எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும்? அவருடைய ஈறு உறுத்தக் கூடாது, அவ்வளவுதான். அவருக்கு உறுத்தாவிட்டால் உலகத்தில் யாருக்கும் உறுத்தாதாம். புதினாக் காரத்துக்கு அவர் நாக்கு. அட்டைப்பெட்டியின் மேல் அவர் சிரிப்பு. அறுபத்தெட்டு வயதிலும் அத்தனை பல்லும் சொந்தப் பல் என்பதால் ஆட்கள் அவரை முதுகுக்குப் பின்னால் பல்லழகர் என்றார்கள். விஷயம் அவர் காதுக்கு எட்டியது. கோபப்படுவார் என்று எல்லோரும் பயந்திருக்க, மனிதர் பூரித்துப் போய், முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடலாம் என்று பெரிய மனது பண்ணினார்.

டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை என்பது அவருடைய இரண்டாவது பெருமை. அதை அவர் சொல்லாத நாள் கிடையாது.

அவருடைய மருமகள்தான் தொழிற்சாலையின் கெமிஸ்ட். வீட்டிலும் மாமனார், வேலையிலும் மாமனார் என்று வாய்த்தது அவளுக்கு. கணவன் உற்பத்திப் பிரிவுக்கு மேலாளர். அவன் உற்பத்தி செய்ததில் பெரும்பகுதி 'சரிப்பா' என்ற ஒரே சொல்தான். நாள் முழுவதும் நிற்காமல் ஓடும் ஒரே இயந்திரம் அதுவே.

ஆனால் அவள் கெட்டிக்காரி. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கெட்டிக்காரி. இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பிரஷ் கண்டுபிடித்தாள். பிடியில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தில் ஒரு நொதியும் ஒரு சாயமும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு சொட்டு எச்சிலை அதன் மேல் வைக்க வேண்டும். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்யாதவர்களின் எச்சிலில் யூரியா கூடும். நொதி அந்த யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். அம்மோனியா சாயத்தின் நிறத்தை மாற்றும். மஞ்சளாகவே இருந்தால் சௌக்கியம். பச்சை வந்தால் டாக்டரைப் பார். நீலம் வந்தால் இன்றைக்கே பார். சத்தம் போடாமல் வருகிற நோய் அது. வலிக்கத் தொடங்கும்போது பாதி கதை முடிந்திருக்கும். பல் தேய்க்கிற நேரத்தில் அதைப் பிடித்துவிடலாம் என்ற நினைப்பே அவளுக்கு இனித்தது. அந்த இனிப்பில் ஒரு பொய்யும் இல்லை.

முதல் சோதனை நடந்த காலையில், முதல் எச்சில் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றார் மாமனார். புகைப்படக்காரர் வந்தார். பேக்கிங் பிரிவுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மாமனார் தொண்டையைச் செருமி, விளக்கேற்றுகிற பவ்யத்தோடு துப்பினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு மனிதன் துப்பியதற்குக் கை தட்டல் விழுந்தது அந்த வட்டாரத்தில் அதுவே முதல் முறையாக இருக்கும்.

இரண்டு நிமிஷத்தில் ஜன்னல் நீலமானது.

அவள் சட்டென்று பிரஷ்ஷைக் கவிழ்த்து வைத்தாள். இன்னும் காயவில்லை மாமா என்றாள். பிறகு மற்றவர்கள் துப்பினார்கள்: கணவன் மஞ்சள், பேக்கிங் பெண்கள் மஞ்சள், ஸ்டோர் கீப்பர் மஞ்சள், அவளும் மஞ்சள். காகிதத்தில் குறை இருக்கும் என்று புதிதாகச் செய்து, அடுத்த இரண்டு நாளும் காலையில் மாமனாரிடம் ஏதோ சாக்குச் சொல்லி எச்சில் வாங்கினாள். நீலம். மறுபடி நீலம். பத்துப் படி உள்ள நிற அட்டையில் நல்ல ஆளுக்கு மூன்றுக்கு மேல் போகாது, இவருக்கு ஏழு. நோட்டில் பென்சிலால் ஏழு என்று எழுதினாள். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, அவருக்குத் தெரியாது, தனக்குத் தெரியும். யாராவது அவரிடம் சொல்ல வேண்டும், அதுவும் சீக்கிரம் சொல்ல வேண்டும்.

கணவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் நோட்டைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், மறுபடி நோட்டைப் பார்த்தான். போன வருஷம் புதினாக் காரம் கூடிப்போச்சு என்று அப்பாவிடமே சொன்ன ருசி பார்ப்பவர் இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று கேட்டான். அவளுக்குத் தெரியும். இருபது வருஷம் நாக்கால் வேலை செய்த அந்த மனிதர் பின்கட்டில் டியூப் மூடி எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பா எச்சில்ல குறைன்னு நீ போய்ச் சொல்லப் போறியா? நான் வர மாட்டேன்," என்றான் கணவன். "எப்பவும் போலத்தான். அவரை வச்சு மஞ்சள முடிவு பண்ணு. அவருக்கு மஞ்சள் வர்ற மாதிரி மாத்திடு."

இந்த இடத்தில் அவள் சீறி எழுந்தாள், நோட்டை மாமனார் முன்னால் விட்டெறிந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. காகிதத்தில் புளிப்புக் கரைசலைக் கொஞ்சம் கூட்டினாள். அம்மோனியா முக்கித் தக்கி அந்தப் புளிப்பைத் தாண்டினால்தான் இனி நிறம் மாறும். மாமனார் எச்சில் மஞ்சளானது. வயசாகிவிட்டது, அவருக்கு அதுதான் இயல்போ என்னவோ என்று தனக்குத்தானே காதில் பூச்சுற்றிக்கொண்டாள். பிரஷ் கடைக்குப் போவதற்குள் நல்ல வேளை பார்த்து மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள். அந்த நிறத்துக்குக் கணவன் 'பல்லழகர் மஞ்சள்' என்று பெயர் வைத்து விளம்பரத் தாளும் அச்சடித்தான்.

எட்டு மாதம் ஓடியது. நல்ல வேளை வரவில்லை. வந்ததெல்லாம் வேறு.

புதினா துருப்பிடித்த இரும்பு மாதிரி இருக்கிறது என்று மாமனார் முகம் சுளித்தார். புதினாவைக் கூட்டினார்கள். இன்னும் இரும்புதான் என்றார். இன்னும் கூட்டினார்கள். மூன்றாவது தடவை கூட்டியபோது பசை நிரப்புகிற பெண்கள் கண்ணீர் வழிய வேலை பார்த்தார்கள். வாய் வெந்துவிட்டது என்று வாடிக்கையாளர்கள் கடிதம் போட்டார்கள். ஜனங்களுக்கு வர வர ரோஷமே இல்லை, காரம் தாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று மாமனார் வருத்தப்பட்டார். பிறகு செருப்புக்காரர்களிடம் சண்டை. சாயங்காலமானால் ஷூ காலைக் கடித்தது; மூன்று ஜோடி மாற்றினார்; ஊரில் ஒருவனுக்கும் ஷூ தைக்கத் தெரியவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளினார். சமைத்தவர்களுக்குக் கை கெட்டுவிட்டதாம்.

அப்புறம் அந்த வாடை. பற்பசை விற்கிற மனிதரின் வாய் நாறியது. ஆனால் அதை அவரிடம் சொல்ல அத்தனை பெரிய தொழிற்சாலையில் ஒருவருக்கும் வாய் இல்லை. பேச வந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள், பிறகு மூன்றடி. கூட்டம் போடுகிற அறையில் நாற்காலிகள் தாமாகவே பின்னால் நகர்ந்தன. இப்போதெல்லாம் ஆட்களுக்கு மரியாதை கூடியிருக்கிறது என்று மாமனார் வீட்டில் சந்தோஷமாகச் சொன்னார். மருமகள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது என்ன வாடை என்று தெரியும். காகிதத்தில் தினமும் முகர்கிற அம்மோனியாதான். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறப்பாள், தண்ணீர் குடித்துவிட்டு மூடிக்கொள்வாள். பயம்தான், வேறென்ன. தன்னைப் பற்றி அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் யாருக்கும் சிறுநீரகம் குணமாவதில்லை.

கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு சிறுநீரக டாக்டரின் கையெழுத்து வேண்டியிருந்தது. மூவரும் போனார்கள். மாமனார் டாக்டர் வாசலை மிதித்தது அன்றைக்குத்தான்; அதுவும் நோயாளியாக இல்லை, கண்டுபிடிப்பைக் கொண்டு வந்தவராக. அந்த டாக்டரம்மா குள்ளமாக, மூக்கில் இறங்கிய கண்ணாடியோடு இருந்தார். அதிகம் பேசவில்லை. வெளியே காத்திருந்த தன்னுடைய நோயாளிகள் இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பிரஷ் கொடுக்கச் சொன்னார். அத்தனை பேரும் சிறுநீரகம் கெட்டு மருந்தில் இருக்கிறவர்கள். ரத்தப் பரிசோதனைக் காகிதம் கையிலேயே இருந்தது.

இருபத்தோரு ஜன்னலில் மஞ்சள். ஒரே ஒருவருக்கு, சக்கரப் படுக்கையில் கொண்டுவரப்பட்டவருக்கு, லேசாகப் பச்சை.

கருவி எல்லோர் முன்னாலும் பல்லை இளித்துவிட்டது. கணவன் சுவரில் இருந்த கடிகாரத்தை ஆராயத் தொடங்கினான். மாமனாருக்கு மட்டும் தலைகால் புரியாத சந்தோஷம். உங்களுக்கு ஒன்றுமே இல்லை, யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், தைரியமாக வீட்டுக்குப் போங்கள் என்று பெஞ்சு பெஞ்சாக நல்ல சேதி சொல்லிக்கொண்டே போனார். ஒரு பெரியவர் அதை நம்பி, மருந்துப் பையை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். டாக்டரம்மா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்து, பையை எடுத்து மடியில் வைத்தார். இந்தப் பிரஷ் கடைக்குப் போயிருந்தால் எத்தனை வீட்டில் எத்தனை பை இப்படித் தள்ளப்பட்டிருக்கும் என்பது மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் அவளிடம் திரும்பினார். "உங்க மஞ்சளுக்கு யாரு எச்சில வச்சீங்க?"

மாமனார்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "என்னோடதுதான்," என்றார்.

டாக்டர் அவர் பக்கமாக நடந்தார். எட்டு மாதத்தில் அவரை நோக்கி ஒருவர் அடியெடுத்து வைத்தது அதுவே முதல் தடவை. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று மூச்சை இழுத்தார். குனிந்து ஷூவைப் பார்த்தார். கால்சட்டையைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"வாய் எத்தனை நாளா இரும்பு மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

புதினா சரியில்லை என்று மாமனார் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் ரத்த முடிவு வந்தது. சிறுநீரகம் செய்கிற வேலையில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்றது காகிதம். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் மருந்தும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமாக இன்னும் பல வருஷம் தள்ளியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் யாரையும் குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். கணவன் சரிங்க டாக்டர் என்றான்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரம். நாலாவது முறை அவள்தான் கூட வந்தாள். அறையில் ஆறு கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் மாமனார். கையிலிருந்து ஒரு குழாயில் ரத்தம் போய், சுத்தமாகி, இன்னொரு குழாயில் வந்துகொண்டிருந்தது. பக்கத்து மேஜையில் அவருடைய சிரிப்போடு ஒரு பற்பசைப் பெட்டி. யாரோ நர்ஸ் வாங்கி வைத்தது. அவர் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

காகிதத்தைப் பழையபடி மாற்றிவிட்டேன், டாக்டரிடம் மறுபடி கொடுத்திருக்கிறேன், இருபத்திரண்டு பேருக்கும் சரியாகக் காட்டியது என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"மொத நாள் எனக்கு என்ன காட்டுச்சு?"

காயவில்லை என்று அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்லலாம். மருந்து பழசு என்று சொல்லலாம். அவருக்கு எதுவும் புரியப்போவதில்லை. அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி அவர் மார்பின் மேல் வைத்தாள்.

"ஏழு, மாமா. நீலம். மூணு தடவையும் நீலம்."

அவர் பென்சில் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னை மூடி எண்ண அனுப்பியிருப்பேன்," என்றார்.

"தெரியும் மாமா. அதான் சொல்லல."

"ம்." நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார். "நீ மூடி எண்ணிட்டு இருந்திருப்ப. நான் வீட்ல இருந்திருப்பேன்."

இயந்திரம் இன்னும் மூன்று மணி நேரம் ஓட வேண்டியிருந்தது. அவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் முகத்துக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.