ஆறு மணிப் பேச்சு

"இதையும் எடுத்துடலாமா?" என்று அமரர் வண்டிக்காரர் கேட்டபோதுதான் அவள் கவனித்தாள். அப்பாவின் தலையைச் சீவி, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, அவருடைய வலது காதைக் காட்டிக்கொண்டு நின்றார் அவர். காது மெஷின் நேற்று மாலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது.

"நான் எடுக்குறேன்," என்றாள்.

காது குளிர்ந்து விறைத்திருந்தது. மெஷினை மெல்லத் திருப்பி எடுத்து, பழக்கத்தில் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். வேலை செய்கிற மெஷின் அப்படி மூடினால் கீச்சென்று கத்தும். இது கத்தவில்லை. சின்னச் சக்கரத்தை முழுவதும் திருகிவிட்டு மறுபடி மூடினாள். அப்போதும் இல்லை.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு தடவை பார்த்து எதையும் எழுதிவிட மாட்டாள். மேசை இழுப்பறையிலிருந்து புது பேட்டரி ஒன்றை எடுத்துப் போட்டு மூடினாள். கீச்சென்று கத்தியது. வண்டிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் அவசரமாக அதை அணைத்தாள்.

ஆக, மெஷினில் கோளாறு இல்லை. பேட்டரிதான் செத்திருக்கிறது. இரவு முழுவதும் யாருக்கும் பயனில்லாமல் ஓடி விடியலில் செத்திருக்கலாம். நேற்று அவள் அதை அப்பாவின் காதில் மாட்டும்போதே செத்துப்போயிருக்கலாம். மாட்டும் முன் அவள் சோதித்துப் பார்க்கவில்லை.

விடியற்காலையில் அம்மா மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் இது ஒரு விஷயமாகவே ஆகியிருக்காது. "நேத்து அவர் காதுல மெஷின் இருந்துச்சா?" என்று கேட்டாள் அம்மா. இருந்தது, அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார் என்று இவள் சொன்னாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அப்பா போன பிறகு முதல் தடவையாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அப்பா எலக்ட்ரீஷியன். கடவுள் இல்லை என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. அம்மாவோ தினமும் மாலை ஆறு மணிக்கு முன்னறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிரார்த்தனை செய்வாள். காது மந்தமாவதற்கு முன்னால், அந்த நேரம் பார்த்து அப்பா ஏதாவது ஒரு ஸ்விட்ச் பலகையைக் கழற்றித் தட்டிக்கொண்டிருப்பார். மெஷின் வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. ஆறுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது அதைக் கழற்றிச் சாஸரில் வைப்பார். அம்மா எழுந்ததும் மாட்டிக்கொள்வார். இரண்டு பேருக்கும் நிம்மதி.

மற்ற நேரங்களில் வாய்ச்சண்டைக்குக் குறைவில்லை. கம்பியில் கரண்ட் இல்லை என்று டெஸ்டர் சொன்னால் உடனே நம்பிவிடக் கூடாது, முதலில் அதைக் கரண்ட் வருகிற நல்ல பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அப்பா தன்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற பாடம். டெஸ்டர் செத்திருந்தால் ஆளும் காலி. அம்மா அதையே பிடித்துக்கொள்வாள்.

"உங்க டெஸ்டர் எரியலைன்னா கரண்ட்டே இல்லைன்னு ஆயிடுமா? டெஸ்டர்தான் செத்திருக்கும்."

"சரி, நல்ல பிளக் எதுன்னு காட்டு. வெச்சுப் பாத்துடுறேன்."

"அதைக் காட்டத் தெரிஞ்சா உங்களைக் கட்டிக்கிட்டு ஏன் மல்லுக்கட்டுறேன்," என்று அம்மா உள்ளே போய்விடுவாள். அப்பா வெகுநேரம் சிரித்துக்கொண்டிருப்பார்.

மகளால் இரண்டு பக்கமும் சேர முடிந்ததில்லை. அப்பா பேசினால் அவர் சொல்வதுதான் சரி என்று படும். ஆறு மணிக்குப் பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சந்தேகம் வந்துவிடும். மதில்மேல் பூனை என்று அப்பா கேலி செய்வார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பூனையிடம்தான் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

"நான் போனதும் யாரும் தலைமாட்டுல நின்னு எதையும் முணுமுணுக்கக் கூடாது. நீதான் பாத்துக்கணும். ரெண்டு பக்கமும் உன்னைத் திட்டுவாங்க. உனக்கு அது பழக்கம்தானே."

நேற்று ஐந்தரை மணிக்கு அவர் கண் திறந்து தன் காதைத் தொட்டுக் காட்டினார். கழற்றச் சொல்கிறாரோ என்று குனிந்து பார்த்தாள். காதில் ஒன்றும் இல்லை. மெஷின் மூன்று நாளாக மேசைமேல் கிடந்தது. எடுத்து மாட்டினாள். ஆறு மணிக்கு அம்மா வந்தாள். மூலைக்குப் போகாமல் நாற்காலியைக் கட்டிலோரமாக இழுத்துப் போட்டு, அப்பாவின் காதருகே குனிந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கால்மாட்டில் நின்றவளுக்கு வார்த்தைகள் எட்டவில்லை. பிரார்த்தனைதான் என்று நினைத்தாள். தடுக்க வேண்டுமா, கொடுத்த வாக்கு போன பிறகுக்கு மட்டும்தானா, அவரே மெஷினைக் கேட்டிருக்கும்போது தடுக்க நான் யார் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. மணி ஆறு இருபது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பேட்டரி மாற்றுவது அப்பாவின் வேலை. அந்த வீட்டில் ஒரு பல்பைக்கூட வேறு யாரும் மாட்டியதில்லை. போன ஞாயிறு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பேட்டரி என்று ஒன்று இருப்பதே மற்றவர்களுக்கு நினைவில்லை.

இப்போது முன்னறையில் அவளுக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். அப்பாவின் தம்பியான சித்தப்பா, வண்டி கிளம்பும் முன் வாசிக்க ஒரு பக்கம் எழுதி வந்திருந்தார். கடைசி மூச்சு வரை அண்ணன் தன் கொள்கையிலிருந்து அசையவில்லை என்பது அதில் முக்கியமான வரி. நீதானே பக்கத்தில் இருந்தாய், சரிதானே என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார். அம்மாவின் அக்காவான பெரியம்மாவுக்கு அதற்குள் மெஷின் சமாச்சாரம் தெரிந்துவிட்டது. தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார் என்றால் மனம் திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம், நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினால் என்ன தப்பு என்பது அவள் கட்சி. கடவுள் விஷயத்தில் முட்டிக்கொண்டு பல வருஷமாக இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. இருவருமே மகளின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் செத்த பேட்டரியைக் கைக்குள் மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சொல்லாமல் விட்டுவிடலாம். அந்த ஒரு டம்ளர் தண்ணீரின் நிம்மதியோடு அம்மா மிச்ச நாளை ஓட்டிவிடுவாள். ஆனால் பொய்யான ஒன்றின்மேல் ஓட்டுவாள். பொய்தான் என்றும் நிச்சயமில்லை. இந்த நிச்சயமில்லாத ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மெஷின்ல பேட்டரி செத்திருந்துச்சு. எப்போன்னு தெரியலை. மாட்டும்போது நான் பாக்கலை." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொல்லி முடித்தாள். "நீ பிரார்த்தனை பண்ணது அவருக்குக் கேக்காமலே போயிருக்கலாம்."

அம்மா கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் பிரார்த்தனை பண்ணலையே."

"பின்ன?"

அம்மா குழாயை மூடினாள். "நீங்க சொன்னதே சரியா இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னேன். இதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லைன்னாலும் பரவாயில்லை, இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்." முந்தானையில் கையைத் துடைத்தாள். "நாப்பது வருஷத்துல ஒரு நாள்கூட அவர்கிட்ட அப்படி விட்டுக்கொடுத்ததில்லை."

மகள் சோதிக்காமல் மாட்டிய தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரார்த்தனை கேட்காமல் போயிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா அவள் விரல்களைப் பிரித்து அந்தச் சின்ன பேட்டரியை எடுத்துப் பார்த்தாள்.

"கேட்டுச்சோ, கேக்கலையோ," என்றாள். "தினமும் ஆறு மணிக்கு நான் வேற எப்படிப் பேசுறேன்னு நெனச்சே? எனக்கு இது புதுசா?"

பிறகு அம்மாவே முன்னறைக்கு வந்தாள். படிக்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம், அவர் கேட்டுக்கொண்ட மாதிரி எல்லோரும் சும்மா கூட வந்தால் போதும் என்றாள். நீயே இப்படிச் சொல்லலாமா என்று பெரியம்மா கேட்டதற்கு, என் பாட்டை நான் மனசுக்குள் பார்த்துக்கொள்கிறேன் அக்கா என்றாள். மகள் தன் பங்குக்கு நடந்ததை நடந்தபடியே இருவருக்கும் சொன்னாள்: மெஷினை அவரே கேட்டார், பேட்டரி செத்திருந்தது, எதற்காகக் கேட்டார் என்பது தனக்குத் தெரியாது. சித்தப்பா தாளை விரித்து அந்த வரியை ஒரு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வண்டியில் நடுவில் அப்பாவைக் கிடத்திய பெட்டி. இரண்டு பக்கமும் ஒடுங்கிய பெஞ்சு. அம்மா ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் வேறு இடம் இல்லாததால் சித்தப்பாவும் பெரியம்மாவும் எதிரெதிராக உட்கார வேண்டியதாயிற்று. முழங்கால்கள் பெட்டியில் இடித்தன. சித்தப்பா ஒரு ஜன்னலையும் பெரியம்மா மற்றொரு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவள் கதவோரமாக அமர்ந்திருந்தாள்.

பாலத்தைத் தாண்டி வண்டி திரும்பியபோது பெட்டி ஒரு பக்கமாகச் சறுக்கியது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கைகள் நீண்டு அதைப் பிடித்துக்கொண்டன. சாலை நேரான பிறகும் யாரும் கையை எடுக்கவில்லை.