விளக்கு போட்ட பிறகு படித்த வரி

அண்ணனுக்குத் தன் கையாலேயே கண் பரிசோதனை செய்வதில் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. கண் மருத்துவமனையில் அவளுக்கு அதுதான் வேலை. அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். அவளுடைய ஏழு வயது மகளும் அந்த வேனில்தான் போய் வருகிறாள். சொந்தத் தாய்மாமனை விட்டு வேறு யாரை நம்புவது?

இருட்டறையில் ராஜா மாதிரி உட்கார்ந்து, திரையிலிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை பிசகில்லாமல் படித்தான்.

“இப்ப மூஞ்சிக்கு நேரா லைட் போடுவேன். மறுபடி கடைசி வரியப் படி. கண்ணு கூசுனா சொல்லிடு.”

“ஓசிச் சாப்பாட்டுக்கே கூசாதவன் நான். லைட்டுக்கா கூசப்போறேன்?”

விளக்கைப் போட்டாள். அதே வேகத்தில் கடகடவென்று படித்தான். மற்றவர்கள் என்றால் அவள் திரையைத்தான் பார்ப்பாள். அண்ணனாயிற்றே, முகத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அணைக்கலாமென்று திரைப்பக்கம் திரும்பியவளுக்குப் பகீரென்றது.

புது இயந்திரம் அது. விளக்கு எரிந்ததும் எழுத்துகள் தானாக மாறிவிடும். திரையில் இருந்தது வேறு வரி. அவன் சொன்னது பழைய வரி.

“திரும்பப் படிண்ணா.”

“அதான் படிச்சேனே.”

“மனப்பாடம் வேணாம். இப்ப என்ன தெரியுது?”

அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தான்.

“வெள்ளையாத் தெரியுது.”

“வேற?”

“வெள்ளைதான்.”

விளக்கை அணைத்தாள்.

“ஒரு கையெழுத்துதானே, போட்டு விடேன். ராத்திரியில நான் வண்டிய எடுக்கறதே இல்ல.”

“காலையில சூரியனுக்கு நேராத்தானே போற? பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு!”

“அதுக்கு வழி பண்ணியாச்சு.” அவன் குரலைத் தாழ்த்தினான். “உன் பொண்ண முன்சீட்டுல உக்கார வெச்சிருக்கேன். கெட்டிக்காரி. ‘மாமா, பிரேக்கு’ன்னு அவ சொன்னா என் கால் தானாப் போயிடும். ஒரு வருஷமாச்சு, வண்டியில ஒரு கீறல் உண்டா?”

தூக்கத்தில் குழந்தை “மாமா, பிரேக்கு!” என்று அலறி எழும்போதெல்லாம், “கனவுடி கண்ணு, படுத்துக்கோ” என்று தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தவள் அவள்தான்.

“வேன் சாவிய எடு” என்று கையை நீட்டினாள்.